பதினொரு மணிச் சோதனைக்கு வந்த மறுப்பு

திருடன் வரப்போகிறான் என்று தெரிந்தால் உலகத்தில் எல்லோரும் கதவைப் பூட்டுவார்கள். என் கொழுந்தன் மட்டும் திருடனுக்கே போன் போட்டு, "இன்னிக்கு எங்க வீட்டுக்கு வர்றதா ஒரு தகவல், உங்க தரப்பு என்னங்க?" என்று கேட்பான். சும்மா சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தைச் சோதனை போட ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்த காலையில், அவர்களை அனுப்பிய அமைச்சகத்துக்கே போன் போட்டுக் கேட்டவன் அவன். இவனை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.

எங்களுடையது இணையத்தில் மட்டும் வரும் சின்னச் செய்தித் தளம். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை, மூன்று மேசை, கடகடவென்று கத்தும் ஒரு மின்விசிறி. நான் ஆசிரியர். என் வீட்டுக்காரரின் தம்பி நிருபர். வேறு ஆள் கிடையாது. மூன்றாவது மேசையில் ஃபைல்கள் குடியிருக்கின்றன.

கொழுந்தனுக்கு ஒரு விரதம் உண்டு. எதிர்த்தரப்பைக் கேட்காமல் ஒரு வரி போடமாட்டான். நல்ல பழக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. எதற்கும் ஒரு அளவு வேண்டாமா? போன வருஷம் ஒரு பூனை அவன் காலைப் பிறாண்டிவிட்டது. தெருவில் பூனைத் தொல்லை என்று மூன்று வரிச் செய்தி எழுதி, கடைசியில் 'இது குறித்துப் பூனையின் கருத்தை அறிய முடியவில்லை' என்று சேர்த்திருந்தான். பொய் சொல்லவும் அவனுக்கு வராது. பெண்டாட்டி புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், "இதுல ரெண்டு கருத்து இருக்கு" என்பான். அவளுக்குச் சிலை வைக்க வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் பாலம் விவகாரம் வந்தது. அமைச்சர் ஒரே நடைமேம்பாலத்தை மூன்று தடவை திறந்துவைத்தார். ஒரு தடவை நீலச் சட்டை, ஒரு தடவை வெள்ளை, ஒரு தடவை கட்டம் போட்டது. மூன்று பாலங்கள் என்று அரசாங்கம் கணக்குச் சொன்னது. ஆனால் மூன்று படங்களிலும் ஐந்தாம் படியில் ஒரே நாய் ஒரே பக்கமாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நாய் யாருக்காகவும் சட்டை மாற்றுவதில்லை.

நாயை மட்டும் நம்பிச் செய்தி போட முடியுமா? அந்த நேரத்தில் எங்களுக்குத் தபாலில் ஒரு தாள் வந்தது. அமைச்சகத்துக்குள் சுற்றுகிற நிகழ்ச்சி நிரல். டைப் அடித்த பகுதியில் 'நடைமேம்பாலம் திறப்பு' என்று மொட்டையாக இருந்தது. ஓரத்தில் யாரோ பேனாவால், உருண்டை உருண்டையான எழுத்தில் எழுதியிருந்தார்கள்: 'இதே பாலம், மூன்றாம் முறை. பழைய ரிப்பனையே இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.'

அனுப்பியவர் பெயர் இல்லை. ஒரு பெண்பிள்ளை என்று எனக்குப் பட்டது. ஆம்பளையாக இருந்தால் ரிப்பனைச் சுருட்டி டிராயருக்குள் எறிந்திருப்பான். நாங்கள் அந்த ஓரக் குறிப்பைப் படம் எடுத்துப் போடவில்லை. என்ன எழுதியிருந்தது என்று மட்டும் சொன்னோம். கையெழுத்தைக் காட்டினால் அமைச்சகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஒருவர் போதும், அந்தம்மாவின் வேலை போகும், ஆளும் உள்ளே போவார்.

செய்தி வெளிவந்ததும் பிடித்தது சனி. வாரம் ஒரு கடிதம். 'நாட்டின் படிக்கட்டுகளை இழிவுபடுத்தியது.' 'உறங்கும் பிராணியை உள்நோக்கத்துடன் பயன்படுத்தியது.' 'வெளிநாட்டுச் சக்திகளிடமிருந்து கருவி பெற்றது.' வெளிநாட்டுச் சக்தி என் சொந்தத் தங்கச்சி. கல்யாணமாகிப் போன இடத்திலிருந்து எனக்கு ஒரு ஸ்டேப்ளர் அனுப்பியிருந்தாள். அதுதான் கருவி. ஒவ்வொரு கடிதத்திலும் கடைசிக் கேள்வி மட்டும் ஒன்றேதான்: தாளைக் கொடுத்தது யார்? அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி, "பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் எல்லாருக்கும் பொதுவானது. பொய் யார் சொன்னாலும் ஜெயிலுக்குள்ளதான். என் அமைச்சகமே சொன்னாலும் உள்ளதான்" என்று மேசையைத் தட்டினார்.

அன்றைக்குக் காலை ஒன்பதரை மணிக்குக் கீழே கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

"தங்கச்சி, ஒரு அதிகாரி நேத்து என்கிட்ட படிக்கிற கண்ணாடிக்கு ஆர்டர் குடுத்தாரு. நாளைக்குத் தர்றேன்னு சொல்லியிருந்தேன். இப்ப போன் பண்ணி, 'பதினோரு மணிக்குள்ள வேணும், உங்க மாடியிலதான் சோதனை, நிறைய பேப்பர் படிக்க வேண்டியிருக்கும்'ங்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தர்றேன்னுட்டேன். தொழில்னு ஒண்ணு இருக்கில்ல?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே பழச்சாறுக் கடையில் இரண்டு பேர், காலையிலிருந்து ஒரே கிளாஸை வைத்துக்கொண்டு எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் கையில் கொண்டுவந்த டப்பாவைக்கூடத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்களாம். தாளை வெளியே கொண்டுபோக வழி இல்லை. கிழித்துத் தின்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன், சத்தியமாக. ஆனால் நாளைக்கு வழக்கு என்று வந்தால் அந்த ஓரக் குறிப்பு ஒன்றுதான் எங்கள் சாட்சி. அது இல்லாவிட்டால் நாங்கள் நாயைத்தான் கூண்டில் ஏற்ற வேண்டும்.

சோதனை விஷயம் கொழுந்தன் காதிலும் விழுந்திருந்தது; தாளை மட்டும் அவனிடம் சொல்லாமல் ஒளித்துவைப்பது என்று முடிவு செய்தேன். அவனிடம் சொன்னால், அதிகாரி கேட்ட அடுத்த நொடி, "இதோ இங்க இருக்கு சார்" என்று எடுத்துக் கொடுத்துவிடுவான். அவன் முகம் கழுவப் போன நேரத்தில், மூன்றாவது மேசையில் இருந்த தடித்த ஃபைலைத் திறந்தேன். மேலே 'அரசு மறுப்புகள்' என்று எழுதியிருக்கும். மூன்று வருஷமாக அரசாங்கம் எங்களுக்கு அனுப்பிய மறுப்புக் கடிதங்கள் எல்லாம் அதில்தான். தாளை எல்லாவற்றுக்கும் மேலே சொருகி மூடினேன். அரசாங்கம் எழுதியதை அரசாங்கமே படிக்காது என்பது என் கணக்கு.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவன் நேராகப் போன் பக்கம் போனான்.

"யாருக்குடா?"

"அமைச்சகத்துக்கு அண்ணி. பதினோரு மணிக்கு நம்ம ஆபீஸ்ல சோதனைன்னு தகவல். செய்தி போடணுமே, அவங்க தரப்பு வேணாமா?"

"உனக்கு மூளை கீளை இருக்கா? பாம்புப் புத்துல கைய விட்டுட்டு, பாம்பு இருக்கான்னு பாம்பையே கேக்கறியா?"

"கேக்காம போட்டா ஒருதலைப்பட்சம் அண்ணி."

நான் கத்திக்கொண்டிருக்கும்போதே பேசத் தொடங்கிவிட்டான். அமைச்சகத்தில் மறுப்புப் பிரிவு என்று ஒன்று உண்டு. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்வது அதன் வேலை. இவன் "ம்... ம்... சரிங்க..." என்றான். பிறகு கொஞ்ச நேரம் காதில் ரிசீவரை வைத்தபடி சும்மா நின்றான்.

போனை வைத்ததும் முகம் மலர்ந்தது. "சோதனையே கிடையாதாம் அண்ணி. முற்றிலும் ஆதாரமற்றது, விஷமத்தனமானதாம். எழுத்துல வேணும்னு கேட்டேன். போன எடுத்த அம்மா, 'டைப் அடிச்சு மேல அனுப்பினா மூணு நாள் ஆகும் தம்பி, கையாலதான் எழுதித் தரணும்'னாங்க. பரவால்லன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே வரல. 'பதினோரு மணிக்குள்ள வேணுமா?'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். 'சரி, எழுதி சீல் வச்சு அனுப்பறேன்'னுட்டாங்க."

"பெரிய சாதனை! போ, மாலை வாங்கிப் போடறேன்."

பத்து நிமிஷத்தில் கடிதத்தின் படம் வந்துவிட்டது. அமைச்சகத்தின் பெயர் அச்சடித்த தாள், பேனா எழுத்து, அடியில் ரப்பர் முத்திரை. அவன் 'எங்கள் அலுவலகத்தில் பதினொரு மணிக்குச் சோதனையா? அமைச்சகம் மறுப்பு' என்று செய்தி போட்டான். கடிதத்தை அச்செடுத்து வாசல் கதவிலும் ஒட்டினான். எனக்கு இருந்த ஆத்திரத்தில் நான் அதன் பக்கம்கூடத் திரும்பவில்லை.

சரியாகப் பதினொரு மணிக்கு ஜீப் வந்து நின்றது. ஆறு பேரும் ஒரு அதிகாரியும் இறங்கினார்கள். அதிகாரி முதலில் கண்ணாடிக் கடைக்குள் போனார். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, தெருப் பெயர்ப் பலகையை ஒரு தடவை படித்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மாடி ஏறினார். அந்தக் கண்ணாடியில் அவர் முதலாவதாகப் படித்த கடிதம், எங்கள் கதவில் ஒட்டியிருந்த மறுப்புதான்.

ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"என்னம்மா இது? சோதனையே கிடையாதுன்னு போட்டிருக்கு."

"எங்கள எதுக்கு சார் கேக்கறீங்க? உங்க அமைச்சகம்தான் சொல்லுது."

"நான் வந்திருக்கேனே!"

"அப்ப அமைச்சகம் பொய் சொல்லுதா சார்?" என்று கொழுந்தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்துகொண்டு கேட்டான். "இதுல உங்க கருத்த போட்டுக்கலாமா?"

அதிகாரி வியர்த்துப் படியிலேயே நின்று மேலிடத்துக்குப் போன் போட்டார். போனில் மறுமுனை கத்திய கத்தலில் எனக்கே எல்லாம் கேட்டது. அமைச்சர் அந்த நேரம் அதே பாலத்தை நான்காவது முறையாகத் திறந்துகொண்டிருந்தாராம். அங்கே வந்த நிருபர்கள் எங்கள் செய்தியைக் காட்டிக் கேட்க, யாரோ மறுப்புக் கடிதத்தை அவர் கையில் கொடுக்க, அவர் மைக்கைப் பிடித்து, "சோதனை நடக்குதுன்னு எவன் சொன்னாலும் அவன் பொய்யன்! அவன உள்ள தள்ளுவேன்!" என்று முழங்கிவிட்டாராம். சோதனைக்கு உத்தரவு போட்ட செயலாளர் மேடைக்குப் பின்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாராம்.

"இப்ப நான் என்ன சார் பண்ண?" என்றார் அதிகாரி.

"சோதனை போடாதே! வெறுங்கையோட வராதே!" என்றது போன். கட் ஆகிவிட்டது.

பாவம், அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க எனக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. கதவிலிருந்த மறுப்புக் கடிதத்தைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"நாங்க... சும்மாதாம்மா வந்தோம். இந்தப் பக்கமா வந்தோம், அப்படியே பாத்துட்டுப் போலாம்னு."

"ஏழு பேரா?"

"ஆமா."

கொழுந்தன் பார்வையாளர் பதிவேட்டை நீட்டினான். ஏழு பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். 'வந்த காரியம்' என்ற இடத்தில் முதல் ஆள் 'சும்மா' என்று எழுதினான். மற்றவர்கள் கீழே 'மேற்படி', 'மேற்படி' என்று எழுதிக்கொண்டே போனார்கள்.

உள்ளே வந்து நின்றவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணால் மட்டும் தேடினார்கள். அப்படி எவ்வளவு நேரம் தேடுவது? அதில் ஒருத்தன்தான் கெட்டிக்காரன். மேசையில் விரலை வைத்து இழுத்துப் பார்த்து, "ரொம்ப தூசியா இருக்கேக்கா, தட்டித் தரட்டுமா?" என்றான். மற்ற ஐந்து பேருக்கும் உடனே பொறி தட்டியது. ஒருத்தன் அலமாரியைத் துடைக்கிறேன் என்று எல்லாப் புத்தகத்தையும் இறக்கி உதறினான். ஒருத்தன் டிராயர்களைக் கவிழ்த்து ஒட்டடை தேடினான். ஒருத்தன் நாற்காலி மேல் ஏறி மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அது கத்தாமல் சுற்றியது.

என் ஒரு கண் மூன்றாவது மேசையிலேயே இருந்தது. அந்த மேசைக்கு வந்தவன், 'அரசு மறுப்புகள்' என்ற தலைப்பைப் பார்த்தான். கொட்டாவி விட்டான். மேல் அட்டையை மட்டும் துடைத்து அப்படியே வைத்துவிட்டான். என் கணக்கு தப்பவில்லை. போன உயிர் திரும்பி வந்தது.

ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றும் கிடைக்கவில்லை. கண்ணாடிக்காரரும் மேலே வந்து, தன் கண்ணாடி எப்படி வேலை செய்கிறது என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளிநாட்டுக் கருவியை மட்டும் ஒருத்தன் கண்டுபிடித்துவிட்டான். இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஸ்டேப்ளர் பின் தீர்ந்துபோயிருக்கிறது என்று வருத்தத்தோடு சொன்னான். அதிகாரி கிளம்ப எழுந்தார். கையிலிருந்த மறுப்புக் கடிதத்தைப் பார்த்தார். ஒழுங்கான மனுஷன், அதுதான் வினை.

"தம்பி, உங்க லெட்டர் என்கிட்ட இருக்கு. எங்க வைக்கணும்?"

"மறுப்பு ஃபைல்ல சார்" என்று என் அருமைக் கொழுந்தன் அந்தத் தடித்த ஃபைலைத் தூக்கி, தூசி தட்டி, அவர் கையிலேயே கொடுத்தான். "புதுசு எல்லாத்துக்கும் மேல வரணும் சார். தேதிவாரியா."

குடி கெட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி ஃபைலைத் திறந்துவிட்டார்.

மேலேயே இருந்தது அந்தத் தாள். அவர் குனிந்து ஓரக் குறிப்பைப் படித்தார். அவர் உதடு 'இஸ்திரி' என்று அசைந்தது எனக்குத் தெரிந்தது. பிறகு இன்னொரு கையில் இருந்த மறுப்புக் கடிதத்தைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். நானும் அப்போதுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன்.

உருண்டை உருண்டையான எழுத்து. அதே வளைவு, அதே சுழி.

கொழுந்தன் போனில் பேசாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் ஞாபகம் வந்தது. டைப் அடித்தால் மூன்று நாள், சோதனையோ பதினொரு மணிக்கு. கையால் எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தேதான் அந்தம்மா எழுதியிருக்கிறார். முகம் தெரியாத எங்களுக்காக. நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தாளை ஒளித்து வைத்திருக்கிறேன், அவரோ தன் கழுத்தையே கத்திக்கு நீட்டி எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கழுத்து இப்போது இந்த மனுஷனின் இரண்டு கையிலும் இருந்தது.

"சார், அது வந்து..." என்று கொழுந்தன் ஆரம்பித்தான். நான் அவன் காலை ஓங்கி மிதித்தேன்.

அதிகாரி எங்களை ஏறிட்டுப் பார்த்தார். ஆறு ஆட்களையும் பார்த்தார். அவர்கள் மின்விசிறிக் காற்றை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றிருந்தார்கள். அவர் மெதுவாகப் புதுக் கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியில் துடைத்தார், பையில் போட்டுக்கொண்டார்.

"கண்ணாடி சரியா அமையல" என்றார். "எழுத்து ஒண்ணுமே தெரியல."

"என்னாது!" கண்ணாடிக்காரர் பாய்ந்து வந்தார். "இருபத்தேழு வருஷ சர்வீஸ் சார்! இதுவரைக்கும் ஒருத்தர் குறை சொன்னதில்ல! எங்க, போடுங்க, அந்தத் தாளப் படிங்க பாப்போம்!"

"தெரியலைங்க."

"தெரியாம எப்படி? குடுங்க, நான் படிச்சுக் காட்டறேன்!"

"அண்ணே!" என்று நான் கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரன் எட்டிப் பார்த்தான். "அவர் கண்ணு அவருக்குத் தெரியாதா? போய் வேற கண்ணாடி எடுத்து வைங்க!"

கண்ணாடிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். இன்றைக்கு வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். அதிகாரி மறுப்புக் கடிதத்தைத் தாளின் மேலேயே வைத்து, தேதிவாரியாகத்தான், ஃபைலை மூடி என்னிடம் கொடுத்தார்.

"நல்ல எடத்துல வைங்கம்மா," என்றார். "யார் கண்ணும் படாம." வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி, "அந்த நாயி நெசமாவே மூணு படத்துலயும் இருக்குதும்மா. எங்க வீட்ல எல்லாரும் பாத்தோம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஜீப்பும் போயிற்று, பழச்சாறுக் கடை ஆட்களும் போனார்கள்.

கொழுந்தன் காலைத் தடவிக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். 'சோதனை நடக்கவில்லை' என்று தலைப்பு அடித்தான். அடித்துவிட்டுப் போனை எடுத்தான்.

"மறுபடியும் யாருக்குடா?"

"எதிர்த்தரப்பு அண்ணி."

இந்தத் தடவை நான் திட்டவில்லை. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"மறுப்புப் பிரிவு" என்றது ஒரு குரல். கொஞ்சம் நடுங்கிற்று.

"அம்மா, காலையில பேசினவன்தான். ஏழு பேர் வந்தாங்க, சும்மா பாத்துட்டுப் போயிட்டாங்க. ஒண்ணும் எடுத்துட்டுப் போகல, சோதனை எதுவும் நடக்கலன்னு எங்க தரப்பு சொல்லுது. இதுல உங்க கருத்து என்னங்க?"

மறுமுனையில் அந்தக் குரல், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சொல்லியிருக்காத வார்த்தையைச் சொல்லிற்று.

"ஆமாங்க. உண்மைதான்."

நான் ரிசீவரைப் பிடுங்கினேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஆனால் அரசாங்கத்துப் போன், எவன் காதில் விழுமோ.

"அக்கா," என்றேன், "சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா," என்றார் அவர். "இப்பத்தான் பசிக்குது."